"அண்ணே, இங்க மரமே இல்லையே!" – காவிரிக்கரை மரங்களும் நம்ம முருகனும்

ஓம் சரவணபவ!

வழக்கமா இங்க ஒரு தலம், ஒரு திருவிழா, ஒரு விரதம்னு பார்ப்போம். இந்த வாரப் பாடம் மரம். கோயிலுக்குப் போற வழியில தினமும் நாம தாண்டிப் போற, ஆனா நிமிர்ந்து பார்க்காத மரம்.

இதை எழுதத் தோன்றியதே ஒரு போன் காலால்தான். போன மாசம் ஆன்லைன்ல ஒரு புத்தகம் ஆர்டர் பண்ணியிருந்தேன். டெலிவரி பண்ண வந்த தம்பி கூப்பிட்டார்.

"அண்ணே, மேப்பு சுத்தி சுத்திக் காட்டுது. லேண்ட்மார்க் ஏதாச்சும் சொல்லுங்க."

"வயலூர் ரோட்டுல நேரா வாங்க தம்பி. புளியமரம் ஸ்டாப்புன்னு கேட்டா யாரும் சொல்லுவாங்க."

பத்து நிமிஷம் கழிச்சு மறுபடி போன். "அண்ணே, புளியமரம் ஸ்டாப்புலதான் நிக்கிறேன். ஆனா இங்க மரமே இல்லையே!"

எனக்கு பதில் சொல்ல வரல. அந்த மரம் போய் பல வருஷம் ஆச்சு. ரோட்டை அகலப்படுத்தினப்ப வெட்டிட்டாங்க. ஆனாலும் கண்டக்டர் இன்னிக்கும் "புளியமரம் எறங்கு"ன்னுதான் குரல் கொடுக்கிறார். ஷேர் ஆட்டோக்காரர் அதே பேரைத்தான் சொல்றார். நானும் அதையேதான் சொன்னேன்.

தாத்தா கண்டுபிடித்தது

அந்த மரம் போன நாள் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. நான் காலேஜ் படிச்சிட்டிருந்த சமயம். தாத்தாவுக்கு ரெண்டு கண்ணுலயும் புரை. ஆப்பரேஷன்னா பயம், தள்ளிப் போட்டுட்டே இருந்தார். வெளிச்சம் எது, இருட்டு எதுன்னு மட்டும் தெரியும். ஆனா கிருத்திகை தவறாம வயலூர் போகணும். கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறது என் வேலை.

திரும்பி வரும்போது ஜன்னலோர சீட்டுல உட்காருவார். எங்க ஸ்டாப் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடியே எழுந்துடுவார். எப்படி தாத்தா தெரியுதுன்னு கேட்டா, "மூஞ்சில நிழல் விழுதுல்ல"ன்னு சொல்வார். அந்தப் புளியமரம் அவ்வளவு பெரிசு. ரோட்டுக்கு மேல கூரை போட்ட மாதிரி நிக்கும். வெயில்ல வர்ற பஸ் அதுக்குள்ள நுழைஞ்சா ஒரு குளிர்ச்சி வரும்.

ஒரு கிருத்திகை அன்னிக்கு அவர் எழுந்திருக்கவே இல்ல. ஸ்டாப் வந்துடுச்சு. கண்டக்டர் விசில் கொடுத்தாச்சு. தாத்தா என் கையைப் பிடிச்சு, "தம்பி, நிழல் வரலையே. பஸ் மாத்தி ஏறிட்டோமா?"ன்னு கேட்டார்.

நான் ஜன்னல் வழியா பார்த்தேன். மரம் இல்லை. அடிக்கட்டை மட்டும் இருந்தது. வெட்டி நாலு நாள் ஆச்சுன்னு டீக்கடையில அப்புறம்தான் சொன்னாங்க. அந்த நாலு நாளும் நான் அந்த ஸ்டாப்புலதான் பஸ் ஏறி காலேஜ் போயிட்டு வந்திருக்கேன். தலையைக் குனிஞ்சு போனைப் பார்த்தபடி. ரெண்டு கண்ணும் நல்லா தெரியிற எனக்குத் தெரியல. கண்ணு தெரியாத அவருக்குத் தெரிஞ்சது.

"மேகமா இருக்கு தாத்தா, அதான் நிழல் தெரியல"ன்னு பொய் சொல்லிக் கூட்டிட்டு இறங்கினேன். அவர் தடியால தட்டிக்கிட்டே போய் அந்தக் கட்டை மேல கையை வச்சுப் பார்த்தார். ஈரமா இருந்துச்சு. என்னை ஒண்ணும் கேட்கல. அதுக்கப்புறம் பஸ்ல வரும்போது, "வந்துடுச்சா, வந்துடுச்சா"ன்னு என்னைக் கேட்டுக்கிட்டே வருவார்.

மரம்ங்கிறது ஒரு ஊருக்கு முகவரி. அதை நம்ம முன்னோர் எவ்வளவு தூரம் நம்பினாங்கன்னு திருச்சியைச் சுற்றிப் பார்த்தாலே தெரியும். வாங்க, காவிரி போற திசையிலேயே மேற்கிலிருந்து கிழக்கே போவோம்.

துறைக்குப் பேர் வச்ச மரங்கள்

துறைன்னா ஆத்துல இறங்குற இடம். குளிக்க, தண்ணி எடுக்க, மாடு கழுவ, பரிசல் ஏற எல்லாத்துக்கும் அங்கதான் வரணும். பாலம் இல்லாத காலத்துல ஊரோட வாசலே துறைதான்.

பரிசல்ல நடு ஆத்துல இருக்கிற ஒருத்தரை நினைச்சுப் பாருங்க. ரெண்டு பக்கமும் ஒரே மணல், ஒரே நாணல். எந்த இடத்துல கரை ஒதுங்கணும்? தூரத்துலேயே தெரியிறது ஒரு பெரிய மரமாத்தான் இருக்கும். அப்படித்தான் இந்தப் பேரெல்லாம் வந்திருக்கணும்னு நான் நினைக்கிறேன். பாருங்க:

கடம்பந்துறை – இன்னிக்குக் குளித்தலை. 1995-ல் கரூர் மாவட்டம் பிரியும் வரைக்கும் திருச்சி மாவட்டத்தில்தான் இருந்தது. காவிரியின் தென்கரை. சுவாமி பேர் கடம்பவனநாதர், தலமரம் கடம்பு. தைப்பூசத்தன்று சுற்று ஊர் சுவாமிகள் எல்லாம் இங்கே வந்து கூடித் தீர்த்தவாரி நடக்கும். தைப்பூசம்னா நமக்குப் பழனி ஞாபகம் வரும். இங்க அது ஒரு மரத்தின் பேரால் அமைந்த துறையில் நடக்குது.

பராய்த்துறை – திருச்சியிலிருந்து கரூர் போற ரோட்டில். பராய் மரம்னா பலருக்குத் தெரியாது. இலை சொரசொரன்னு இருக்கும். மரச்சாமான் தேய்க்க அந்தக் காலத்தில் உப்புத்தாள் மாதிரி இந்த இலையைப் பயன்படுத்துவாங்க. பெரிய பூவும் கிடையாது, பேர் சொல்ற பழமும் கிடையாது. ஆனா ஒரு பாடல் பெற்ற தலத்துக்கே பேர் கொடுத்திருக்கு.

மாந்துறை – காவிரிக்கு வடக்கே, லால்குடி போற வழியில். சுவாமி ஆம்ரவனேசுவரர். ஆம்ரம்னா மாமரம். மான்குட்டிக்குத் தாயாக இறைவன் வந்த கதையைச் சொல்லி மான்துறைன்னு பிரிக்கிறவங்களும் உண்டு. தலமரம் மாமரம்தான்.

ஆலந்துறை – லால்குடிக்கும் அப்பால் அன்பில். சுவாமி சத்தியவாகீசர். தேவாரத்தில் இந்தக் கோயிலுக்கு ஆலந்துறைன்னே பேர். ஆத்துல வெள்ளம் போனதால திருஞானசம்பந்தர் அக்கரையில் நின்று பாடினாராம். அதைக் கேட்கப் பிள்ளையார் காதைச் சாய்த்தாராம். இன்னிக்கும் அந்தச் 'செவி சாய்த்த விநாயகரை' அங்கே பார்க்கலாம். நம்ம முருகனுக்கு அண்ணன், பாட்டு கேட்கவும் துறைக்கரையில்தான் உட்கார்ந்திருக்கார்!

நாலு துறை, நாலு மரம். கடம்பு, பராய், மா, ஆல். இன்னும் கிழக்கே போனா மயிலாடுதுறை. அங்க மரத்துக்குப் பதிலா மயில். ஐப்பசி மாசம் காவிரி நீராடலை முதல் நாள் பராய்த்துறையில் 'முதல் முழுக்கு'ன்னு தொடங்கி, கடைசி நாள் மயிலாடுதுறையில் 'கடை முழுக்கு'ன்னு முடிப்பாங்க. ஒரு மரத்தில் ஆரம்பிச்சு ஒரு மயிலில் முடியுது.

மரத்தில் பிறந்த ஊர்ப்பேர் இதோடு நிற்கல. திருவானைக்காவல் பக்கத்தில் பனையபுரம். துறையூர்ப் பக்கம், கொல்லிமலை அடிவாரத்தில் புளியஞ்சோலை. மண்ணச்சநல்லூர் அருகே திருப்பைஞ்ஞீலி. ஞீலின்னா ஒரு வகை வாழை. பைஞ்ஞீலின்னா பசுமையான வாழை. ஸ்ரீரங்கம் பஸ்ஸில் போறவங்க தினமும் கடக்கிற மாம்பழச்சாலையை மறக்கலாமா? அங்க சிக்னலில் நிக்கும்போது மாமரம் ஞாபகம் வர்றவங்க எத்தனை பேர்? இலங்கையில் நம்ம சொந்தங்கள் ஊரிலும் இதே கதைதான். மாங்குளம், புளியங்குளம்னு பேரிலேயே மரமும் தண்ணியும் சேர்ந்தே இருக்கும்.

சங்கல்பத்தில் ஒரு நாவல் மரம்

இப்ப தீவுக்குள்ள வருவோம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் ஸ்ரீரங்கமும் திருவானைக்காவலும்.

திருவானைக்காவல்னு சொன்னா யானை காவல் காத்த இடம்னு பலர் நினைச்சுக்கிறாங்க. பழைய பேர் ஆனைக்கா. 'கா'ன்னா சோலை. யானை வழிபட்ட சோலை, அதுதான் ஆனைக்கா. பேச்சுவழக்கில் அது காவல்னும் கோவில்னும் மாறிடுச்சு. கேரளத்தில் இன்னிக்கும் கோயில் காட்டைக் 'காவு'ன்னுதான் சொல்றாங்க. காவிரிங்கிற பேரையே 'கா விரி', போற இடமெல்லாம் சோலையை விரிக்கிறவள்னு பெரியவங்க பிரிச்சுச் சொல்வாங்க.

அந்தச் சோலையின் மரம் வெண்ணாவல். நாவலுக்கு வடமொழியில் ஜம்பு. அதனால சுவாமி ஜம்புகேசுவரர். கதை உங்களுக்குத் தெரியும். நாவல் மரத்தடியில் லிங்கம். காய்ந்த சருகு சுவாமி மேல விழக்கூடாதுன்னு சிலந்தி மேலே வலை கட்டும். யானை தண்ணி கொண்டு வந்து ஊத்தும், வலையைக் குப்பைன்னு நினைச்சுக் கலைச்சுடும். சண்டை வந்து ரெண்டும் உயிரை விட்டன. சிலந்தி கோச்செங்கட் சோழனாகப் பிறந்து, யானை நுழைய முடியாத மாடக்கோயில்களாகக் கட்டினான். கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. இந்தக் கதை முழுக்க ஒரு மரத்தின் சருகில் இருந்துதான் ஆரம்பிக்குது.

இன்னொரு விஷயம். வீட்டில் ஹோமம் நடக்கும்போது குருக்கள் சங்கல்பம் சொல்வார் இல்லையா? நாம எந்த இடத்தில் இருந்து வேண்டிக்கிறோம்னு சாமிக்கு முகவரி சொல்றது அது. அந்த முகவரி 'ஜம்பூத்வீபே'ன்னு வரும். தமிழில் நாவலந்தீவு. அதாவது, "சுவாமி, நாவல் மரம் இருக்கிற தீவு. அங்கதான் இருக்கேன்." நான் டெலிவரித் தம்பிக்குச் சொன்னதும், குருக்கள் சாமிக்குச் சொல்றதும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ரெண்டிலும் லேண்ட்மார்க் ஒரு மரம்.

முருகனுக்கும் நாவலுக்கும் உள்ள தொடர்பை நான் சொல்லவே வேண்டாம். சுட்ட பழமா சுடாத பழமான்னு மாடு மேய்க்கிற பையனாக ஔவைப் பாட்டியை மடக்கினது எந்த மரத்தின் மேல உட்கார்ந்து? நாவல் மரம்தான். பழமுதிர்சோலை போறவங்க அந்த நினைவோடுதான் அங்கே நாவல் மரத்தைக் கும்பிடறாங்க.

ஸ்ரீரங்கத்துப் புன்னை: மரம் ஒரு உடன்பிறந்தவள்

திருவானைக்காவலில் இருந்து கொஞ்ச தூரம் நடந்தா ஸ்ரீரங்கம். ரங்கநாதர் கோயிலுக்குள் சந்திரபுஷ்கரணிக் கரையில் புன்னை நிற்குது. அதுதான் தலமரம். புன்னை உண்மையில் கடற்கரை மரம். நெய்தல் நிலப் பாட்டுகளில் அடிக்கடி வரும். விதையிலிருந்து எண்ணெய் எடுத்து விளக்கு எரிப்பாங்க.

நற்றிணையில் 172-ஆம் பாட்டு இந்தப் புன்னையைப் பற்றியதுதான். கருத்தை மட்டும் சொல்றேன். ஒரு பொண்ணு சின்ன வயசில் தோழிகளோட விளையாடும்போது ஒரு புன்னை விதையை மணலில் புதைச்சு வச்சு மறந்துடுவா. அது முளைச்சிடும். பாலும் நெய்யும் ஊத்தி வளர்ப்பாங்க. அம்மா அவகிட்ட, இந்த மரம் உன்னை விடச் சிறந்தது, உன் உடன்பிறந்தவள்னு சொல்லி வச்சிருப்பா. பின்னாடி அந்த மரத்தடியில் காதலன் சிரிச்சுப் பேச வரும்போது, கூடப் பிறந்தவ பக்கத்தில் இருக்கும்போது வெட்கமா இருக்கு, வேற இடம் போகலாம்னு அவளுக்காகத் தோழி சொல்றா.

மரத்தைக் கூடப் பிறந்தவளா நினைச்ச மொழி நம்ம மொழி. அந்த வெட்கம் இருக்கிற வரைக்கும் கோடாரி எடுக்க முடியுமா?

பேச்சுக்குள்ளே நிற்கும் மரம்

இதுவரைக்கும் ஊர்ப்பேர் பார்த்தோம். இப்ப நம்ம அன்றாடப் பேச்சு.

'மன்றம்' என்ற சொல்லை எடுத்துக்கோங்க. சட்டமன்றம், நீதிமன்றம், ரசிகர் மன்றம்னு தினமும் சொல்றோம். சங்க காலத்தில் மன்றம்னா ஊர் நடுவில் பெரிய மரத்தோடு இருக்கும் பொது இடம். வழக்கு பேசுறது, வழிப்போக்கர் தங்குறது, ஊர் கூடுறது எல்லாம் அங்கதான். மரத்தடி போய்க் கட்டிடம் வந்தது. ஆனா பேர் மட்டும் மரத்தடியில் இருந்து எழுந்து வந்து நீதிமன்றத்தில் உட்கார்ந்துடுச்சு. எங்க புளியமரம் ஸ்டாப் மாதிரியேதான்!

ஐந்திணையும் அப்படித்தான். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை. அஞ்சும் செடி, கொடி, மரம், பூவின் பேர்கள். முருகன் குறிஞ்சி நிலத் தெய்வம். நம்ம திருச்சி, வயலும் வாய்க்காலுமா இருக்கிற மருதம். மருத மரம் ஆத்தங்கரையில் நிற்கிற மரம். நிலத்தைப் பார்த்தவுடனே "இங்க என்ன வளரும்?"னு கேட்டுப் பேர் வச்சவங்க நம்ம ஆட்கள்.

உறையூர் நம்ம ஊரோட ஒரு பகுதி. சோழர்களின் பழைய தலைநகர். சேரனுக்குப் பனை, பாண்டியனுக்கு வேம்பு, சோழனுக்கு ஆத்தி. மூவேந்தரும் சூடின பூக்கள் இவை. 'ஆத்திசூடி' படிக்காத குழந்தை தமிழ்நாட்டில் இல்லை. ஆனா ஆத்தி மரத்தைப் பார்த்தவங்க நம்ம குரூப்பில் எத்தனை பேர் இருக்கோம்? எனக்கே போன வருஷம்தான் ஒருத்தர் காட்டினார். அந்தக் கால அரசர்களுக்குக் காவல்மரமும் உண்டு. எதிரி அதை வெட்டிட்டா, அந்த அரசன் தோத்துட்டான்னு அர்த்தம்.

இப்ப நம்ம ஆளுக்கு வருவோம். முருகனுக்குக் கடம்பன்னு பேர். கடம்பமாலை போட்டவன். நக்கீரர் பாடின திருமுருகாற்றுப்படையில் முருகன் எங்கெல்லாம் இருக்கார்னு ஒரு பட்டியல் வரும். ஆறுபடை வீடுகள்னு நாம சொல்ற இடங்களோடு அது நிற்கல. காடு, சோலை, ஆத்து நடுத்திட்டு, நாற்சந்தி, பூத்த கடம்பு, ஊர் மன்றம் எல்லாமே அவர் இருக்கிற இடங்களாகச் சொல்லப்படுது. கோபுரமும் கொடிமரமும் இல்லாத, ஒரு கடம்பு மட்டும் நிற்கிற இடமும் நக்கீரர் கணக்கில் முருகன் வீடுதான். கடம்புன்னு இன்னிக்கு வெண்கடம்பு, நீர்க்கடம்பு, செங்கடம்புன்னு ஒண்ணுக்கு மேற்பட்ட மரங்களைச் சொல்றாங்க. மூணையும் பார்த்து வைங்க.

வயலூர் வன்னியும் 363 பேரும்

இந்த வாரப் பாடத்தில் நீங்க மறக்கக் கூடாத பகுதி இது.

வயலூருக்குப் போயிருப்பீங்க. ஆதிநாதர் கோயில். ஆனா நாம எல்லாரும் ஓடுறது வள்ளி தெய்வானையோட நிற்கிற சுப்பிரமணிய சுவாமிகிட்ட. அருணகிரிநாதர் பாடிப் பாடி உருகின தலம். வாரியார் சுவாமிகள் தன் வாழ்நாளெல்லாம் கொண்டாடின தலம். இவ்வளவும் தெரிஞ்ச நமக்கு அங்கே தலமரம் எதுன்னு கேட்டா முழிப்போம். வன்னி.

வன்னிங்கிற சொல்லுக்குத் தீன்னும் பொருள் உண்டு. மகாபாரதத்தில் பாண்டவர்கள் மறைந்து வாழ்ந்த ஒரு வருஷம், தங்கள் ஆயுதங்களை ஒளிச்சு வச்சது வன்னி மரத்தில்தான். அதனாலதான் விஜயதசமிக்கு வன்னிக்கு அவ்வளவு மரியாதை. கையில் வேலோடு நிற்கிற சாமிக்கு, ஆயுதம் காத்த மரம் பொருத்தமாத்தான் இருக்கு.

இதே வன்னிதான் ராஜஸ்தான் பாலைவனத்தில் 'கேஜ்ரி'. அங்க அது மாநில மரம். மழையே இல்லாத மண்ணில் இலை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும், காய் மனுஷனுக்கு, நிழல் எல்லாருக்கும். 1730-ல் ஜோத்பூர் அருகே கேஜர்லி கிராமத்துக்கு ராஜாவின் ஆட்கள் கோடாரியோடு வந்தாங்க. அரண்மனை கட்டச் சுண்ணாம்பு சுடணும், அதுக்கு விறகு வேணும். பிஷ்னோய் இனத்தைச் சேர்ந்த அம்ருதா தேவி ஒரு மரத்தைக் கட்டிப்பிடிச்சு நின்னாங்க. அவங்களை வெட்டினாங்க. அவங்க பெண் குழந்தைகள் அடுத்தடுத்து வந்து நின்னாங்க. ஊர் ஊராக ஜனங்க வந்து மரத்தைக் கட்டிப்பிடிச்சாங்க. 363 பேர் உயிர் கொடுத்த பிறகுதான் ராஜா வெட்டுறதை நிறுத்தச் சொன்னார்.

அடுத்த தடவை வயலூர் போனா பிரகாரம் சுத்தும்போது அந்த வன்னி முன்னாடி ஒரு நிமிஷம் நில்லுங்க. நாம திருநீறு இட்ட கையால் தொடுற அதே மரத்துக்காக, ஆயிரத்து சொச்சம் கிலோமீட்டர் தள்ளி நம்ம மொழி தெரியாத ஜனங்க உயிரையே கொடுத்திருக்காங்க. நான் நாலு நாள் மரம் போனதையே கவனிக்காதவன். அதனால அந்த மரத்தைத் தொட எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. ரோட்டோரம் காடு மாதிரி மண்டிக்கிடக்கிற சீமைக் கருவேலத்தை வன்னின்னு நினைச்சுடாதீங்க. ரெண்டும் ஒரே குடும்பம், பார்க்க ஒண்ணு போல இருக்கும். சீமைக் கருவேலம் வெளிநாட்டிலிருந்து வந்தது. வன்னி இந்த மண்ணோடது.

வேங்கையாக நின்ற வேலன்

கடைசியா, நமக்கெல்லாம் பிடிச்ச கதை. கந்தபுராணத்தில் வள்ளி திருமணம்.

தினைப்புனத்தில் வள்ளி. வேடனாக வந்து முருகன் பேச்சுக் கொடுத்துக்கிட்டிருக்கார். அந்த நேரம் பார்த்து அப்பா நம்பிராஜன் ஆட்களோடு வந்துட்டார். முருகன் சட்டுன்னு வேங்கை மரமாக மாறி நின்னுட்டார். நாடகத்தில் பார்த்தா இந்த இடத்தில் எல்லாரும் சிரிப்போம்.

ஆனா அடுத்து நடக்கிறதைப் பாருங்க. வந்த வேடர்கள் அந்த மரத்தைப் பார்த்தவுடனே திகைச்சுப் போறாங்க. இங்க ஏது வேங்கை? நேத்து வரைக்கும் இல்லையே! புதுசா ஒரு மரம் நிற்கிறது நல்லதுக்கில்லை, வெட்டிடலாம்னு சொல்றாங்க. நம்பி வள்ளியைக் கேட்கிறார். மாயம் மாதிரி திடீர்னு வந்துச்சுப்பா, பயமா இருக்குன்னு அவ சொல்றா. பயப்படாதே, உனக்குத் துணையா நிற்கட்டும்னு சொல்லி, வெட்ட வேண்டாம்னு எல்லாரையும் கூட்டிட்டுப் போயிடறார்.

இந்தக் கதையைச் சின்ன வயசில் இருந்து கேட்கிறேன். புளியமரம் போன பிறகுதான் இதில் ஒரு விஷயம் எனக்கு உறைச்சது. அவ்வளவு பெரிய மலைக்காடு. எத்தனை ஆயிரம் மரம் இருக்கும்? அதில் ஒரு மரம் கூடுதலா இருந்ததும் அந்த வேடர்களுக்குத் தெரிஞ்சிருக்கு. ஒவ்வொரு மரத்தையும் ஆளைத் தெரிஞ்சு வச்சிருக்கிற மாதிரி தெரிஞ்சு வச்சிருக்காங்க. எங்க ரோட்டில் இருந்தது ஒரே ஒரு பெரிய மரம். அது குறைஞ்சது எனக்குத் தெரியல.

வெட்டலாம்னு சொன்ன மரம் யாருன்னு அந்த வேடர்களுக்குத் தெரியாது. நம்பிக்கும் தெரியாது. தெரியாமலேயே, இருந்துட்டுப் போகட்டும்னு ஒரு வார்த்தை சொன்னார். அந்த ஒரு வார்த்தையால், பின்னாடி மருமகனாக வரப்போற முருகன் மேலேயே கோடாரி விழாம போச்சு. எல்லா மரத்தையும் சாமின்னு நம்பச் சொல்லல. வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை நிமிர்ந்து பார்க்கச் சொல்லுது இந்தக் கதை. அதுதான் இந்த வாரப் பாடம்.

வீட்டுப்பாடம்

பாடம்னா வீட்டுப்பாடம் இல்லாமலா?

1. வீட்டிலிருந்து நீங்க அடிக்கடி போற முருகன் கோயில் வரைக்கும் உள்ள வழியில் எத்தனை பெரிய மரம் இருக்குன்னு ஒரு நாள் எண்ணுங்க. போன் பைக்குள்ளேயே இருக்கட்டும். பேர் தெரியாத மரத்தைப் பக்கத்து டீக்கடையிலோ பூ விக்கிற அம்மாகிட்டயோ கேளுங்க. நிச்சயம் சொல்வாங்க.

2. உங்க ஊர்ல, தெருவுல, பஸ் ஸ்டாப்புல மரத்தின் பேர் ஒளிஞ்சிருக்கான்னு பாருங்க. அந்த மரம் இன்னும் இருக்கா? இல்லைன்னா எங்க நின்னுச்சு, எப்படி இருந்துச்சுன்னு வீட்டுப் பெரியவங்களைக் கேட்டு எழுதி வைங்க. அவங்க இருக்கும்போதே கேட்டுடுங்க.

3. கோயில் தலமரத்தின் பேரைப் படிச்சு, இலையையும் பூவையும் கவனிச்சு வைங்க. கீழே விழுந்த இலை போதும், பறிக்க வேண்டாம்.

4. மரத்தில் ஆணி அடிக்காதீங்க. வேர் மேல சூடம், விளக்கு ஏத்தாதீங்க. கிளையில் பிளாஸ்டிக் பையிலும் நைலான் கயித்திலும் வேண்டுதல் கட்டாதீங்க. அடிமரம் வரைக்கும் சிமெண்ட் போட்டிருந்தா, தண்ணி இறங்கக் கொஞ்சம் மண் விடச் சொல்லிக் கோயில் பெரியவங்ககிட்டப் பணிவா கேட்டுப் பாருங்க.

5. மரக்கன்று வைக்கிற எண்ணம் இருந்தா, உங்க ஊர்ப் பேரில் இருக்கிற மரத்தையே வைங்க. ஆலம்பட்டியா? ஆல் வைங்க. இடம் பத்தலைன்னா ஊர்ப் பள்ளிக்கூடத்திலோ குளக்கரையிலோ அனுமதி கேட்டு வைங்க. பேருக்கு மறுபடி ஒரு மரம் கிடைக்கும்.

டெலிவரித் தம்பி அன்னிக்கு எங்க வீட்டைக் கண்டுபிடிச்சு வந்துட்டார். தண்ணி குடிச்சிட்டு, "ஏண்ணே, மரமே இல்லாம எப்படிண்ணே புளியமரம்?"னு கேட்டார். தாத்தா கதையைச் சொன்னேன். கேட்டுட்டு அவர் சொன்னார்: "எங்க ஊர்லயும் வேப்பமரத்து ஸ்டாப்புன்னு ஒண்ணு இருக்குண்ணே. இப்ப யோசிச்சாத்தான்... அங்க மரம் இருக்கா இல்லையான்னு எனக்கு ஞாபகமே வரல. இன்னிக்கு ராத்திரி போறப்ப பார்க்கணும்."

நீங்களும் இன்னிக்குப் பார்த்துடுங்க. பார்த்துட்டு, இருக்குன்னா போய் ஒரு தடவை தொட்டுட்டு வாங்க.

வேலும் மயிலும் துணை.
முருகா சரணம்!